கணக்கு மலை மேல், நகல் மலைக்குக் கீழே: விபிஎன் வழியாக லேப்டாப்புக்கு பேக்கப்

ஐப்பசி மாதம் மாலை மூன்றரை மணி ஆகிவிட்டால் குமுளிக் கடைக்காரர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். துலா மழையின் இடி பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் வரும். முதல் முழக்கம் கேட்டதும் கம்ப்யூட்டரை அணைத்து, மெயின் சுவிட்சைத் தள்ளி, ரவுட்டருக்கு வரும் ஒயரையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. நாலைந்து மோடம் புகைந்த பிறகு தானாக வந்த பழக்கம்.

நான் இருப்பது கம்பத்தில். கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் தொழில். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் கேரளத்தின் குமுளி. கம்பம்மெட்டு வழியாகப் போனால் வண்டன்மேடு, புற்றடி. அங்கே ஏலக்காய்க் கடையும் எஸ்டேட் ஆபீசும் வைத்திருப்பவர்களில் பலருக்கு வீடு இந்தப் பக்கம், கம்பத்திலோ கூடலூரிலோ. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில் போன லாட், எடை, விலை, எஸ்டேட்டுக்குக் கொடுத்த முன்பணம், ஜீப் வாடகை என்று மொத்த வியாபாரமும் மலை மேல் ஒரு சிபியு பெட்டிக்குள் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு துலா மழை மாலையில், நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கடையில் மெயினை அணைக்க மறந்துவிட்டார்கள். இரவு போன் வந்தது. “தம்பி, பேக்கப் இருக்குல்ல?” இருந்தது. தினமும் தவறாமல் எடுத்த பேக்கப்தான். ஆனால் அது போய் உட்கார்ந்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க், அதே சிபியுவின் பின்னால் இருபத்திநாலு மணி நேரமும் செருகியே கிடந்தது. ஒரே மின்னலில் இரண்டும் போயின. காகித பில்லைப் பார்த்துப் பார்த்து அந்தக் கணக்கைத் திரும்ப ஏற்ற ஒன்றரை மாதம் பிடித்தது. அந்த டிஸ்க்கை அங்கே செருகி வைத்தவன் நான்தான். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் அந்த ஒன்றரை மாதத்தில் தொடங்கிய யோசனை.

கணக்கு போனால் வியாபாரிக்கு வெறும் மனவருத்தத்தோடு முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். அதாவது, ஆறு வருடத்துக்கு முந்தைய லாட்டைப் பற்றி இன்றைக்கு ஒரு அதிகாரி கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும்.

பேக்கப்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி இது. எங்கள் பகுதியில் அந்த ‘வேறு இடம்’ என்பதற்கு ரொம்பத் தெளிவான அர்த்தம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் வேறு வானம், இந்தப் பக்கம் வேறு வானம். 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கியில் செறுதோணி அணையின் மதகைத் திறக்க வைத்த மழை மேற்குச் சரிவில் கொட்டியது. கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. மேலே மண் சரிகிற நாளில் இங்கே திராட்சைத் தோட்டத்தில் வழக்கம்போல வேலை நடக்கும். நகலை மலைக்குக் கீழே வைத்தால் ஒரே ஆபத்து இரண்டையும் தொடுவது அரிது.

கிளவுடில் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், நல்ல வழிதான். ஆனால் மாதக் கட்டணம் கட்ட மறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒரு பக்கம். கையில் தொட்டுப் பார்க்கிற ஒரு நகல் வேண்டும் என்ற வியாபாரியின் ஆசை இன்னொரு பக்கம். அந்த ஆசை நியாயமானது. அதனால் என் வீட்டில் ஒரு லேப்டாப்பை இதற்கென்றே ஒதுக்கினேன். லேப்டாப்பில் ஒரு வசதி, கரண்ட் போனாலும் அதன் பேட்டரியே யுபிஎஸ். பாதி நகலில் அணைந்து போகாது.

சரி, குமுளியில் இருக்கும் ஃபைல் கம்பத்துக்கு எப்படி வரும்? இங்கேதான் விபிஎன் வருகிறது.

விபிஎன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது யூடியூப் விளம்பரம்: நம்மை வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் ஆப். அது விபிஎன்னின் ஒரு பயன்பாடு, அவ்வளவுதான். விபிஎன் என்பது இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இணையத்துக்குள் போடும் பூட்டிய சுரங்கம். அந்த ஆப்களில் சுரங்கத்தின் மறுமுனை யாரோ ஒரு நிறுவனத்தின் கையில். நமக்கு வேண்டியது இரண்டு முனையும் நம்மிடமே இருக்கும் சுரங்கம். பொது இணையத்தின் மேலேயே போகும், ஆனால் உள்ளே என்ன போகிறது என்று வழியில் யாருக்கும் தெரியாது. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே அறையில் ஒரே ஒயரில் இருப்பது போல ஒன்றையொன்று கூப்பிட முடியும். ‘விபிஎன் சட்டவிரோதமா?’ என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்களிடம். ஒரு நிறுவனம் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று அவர்களே பிறகு விளக்கினார்கள்.

கருவி என்று பார்த்தால், 2001-இல் வந்த ஓப்பன்விபிஎன் இன்றும் நன்றாகவே ஓடுகிறது. நான் பயன்படுத்துவது வயர்கார்ட். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது அதன் மௌனம். சரியான சாவி இல்லாமல் யார் வந்து தட்டினாலும் அது பதிலே சொல்லாது. இணையத்தில் கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் திருட்டு நிரல்களுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: விபிஎன் போடச் சோம்பல்பட்டு, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் கதவான 3389 போர்ட்டை ரவுட்டரில் நேராகத் திறந்து வைத்திருக்கும் ஆபீஸ்கள் இன்றும் உண்டு. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் நுழையும் வழிகளில் அது முக்கியமான ஒன்று. அப்படித் திறந்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு முதலில் போய் அதை மூடுங்கள்.

முகவரிச் சிக்கல்

வயர்கார்டை நிறுவுவது பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் தலைவலி.

முதல் நாள் குமுளிக் கடையின் கம்ப்யூட்டரை என் லேப்டாப்பில் இருந்து கூப்பிட்டேன். 192.168.1.10. உடனே பதில் வந்தது. சந்தோஷமாக ஃபைலைத் தேடினால், வந்திருப்பது என் வீட்டு பிரிண்டரின் பக்கம். காரணம் எளிது. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை 1996-லேயே வீட்டுக்குள், ஆபீசுக்குள் புழங்குவதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ரவுட்டர் தயாரிப்பவர்களில் பலர் அதில் 192.168.1-ஐயோ 192.168.0-ஐயோ எடுத்துக்கொண்டார்கள். ஆக, கம்பத்திலும் குமுளியிலும் ஒரே கதவு எண். கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்தான் ‘என்ன’ என்பார். தீர்வு: கடைகளின் உள்முகவரியைத் தொடவே தொடாமல், சுரங்கத்துக்கு மட்டும் யாரும் வைத்திருக்காத ஒரு வரிசையைத் தேர்ந்தெடுப்பது. எங்களுடையது 10.77.5 என்று தொடங்குகிறது. ஒவ்வொரு கடைக்கும் அதில் ஓர் எண்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. சுரங்கம் போட வேண்டுமானால் ஒரு முனையாவது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று வெளியுலகுக்குச் சொல்ல வேண்டும். பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகத்துக்குப் பற்றவில்லை. அதனால் மொபைல் நிறுவனங்களும் பல ஃபைபர் நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012-இல் 100.64 என்று தொடங்கும் ஒரு வரிசையைத் தனியாக ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் உள்ளே போய் வெளிமுகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் வெளியிலிருந்து யாரும் உங்களை நேராகக் கூப்பிட முடியாது. பெரிய காம்பவுண்டு வீட்டில் கடைசி அறையில் குடியிருப்பது போல. நீங்கள் வெளியே போகலாம். தபால்காரருக்குத் தெரிந்தது முன்வாசல் மட்டும்தான்.

கடையும் அப்படி, என் வீடும் அப்படி. இரண்டு பேரும் கடைசி அறை. நடுவில் ஒரு பொது இடம் வேண்டும். மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, எல்லாக் கடைகளும் என் லேப்டாப்பும் அதை நோக்கி வெளியே போய்ச் சந்திப்பது போல வைத்தேன். இந்தச் சந்திப்பு வேலையைத் தானே செய்து தரும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் உண்டு, உள்ளே ஓடுவது அதே வயர்கார்ட்தான். முடிந்தவரை இரண்டு முனைகளையும் நேராக இணைத்துவிடும், முடியாதபோது மட்டும் நடுவழி சர்வர் மூலம் அனுப்பும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். இரண்டு பக்கமும் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை நன்றாக வந்தால் நடு சர்வரே தேவைப்படாமல் போகலாம். எங்கள் மலையில் எல்லாக் கடைக்கும் அது வரவில்லை.

நடு சர்வரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வைத்திருக்கும் அமைப்பில் சுரங்கம் அந்த சர்வரில் வந்து பிரிந்து, மறுபடி புதிய சுரங்கமாகப் போகிறது. அதாவது அந்த ஒரு கணம் உள்ளே இருப்பது அந்த சர்வருக்குத் தெரியும். அதனால் சுரங்கத்துக்கு உள்ளேயும் எஸ்எஸ்எச் என்ற இன்னொரு பூட்டுப் போட்ட வழியில்தான் ஃபைல்களை அனுப்புகிறேன். கடைக்குக் கடை பேச முடியாதபடி சர்வரில் தடுப்பும் வேண்டும். ஒரே தெருவில் போட்டி வியாபாரம் செய்கிற இருவரின் கணக்கு என் வீட்டுக்கு வருகிறது. ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து மற்றவர் விலையை எட்டிப் பார்க்க முடியும் என்றால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சின்ன அமைப்புகள் இரண்டு. தெரியாவிட்டால் ஒரு வாரம் அலைய வைக்கும். ஒன்று, 25 நொடிக்கு ஒருமுறை ஒரு துளி அனுப்பச் சொல்லும் அமைப்பு. இது இல்லாவிட்டால் வழியில் இருக்கும் ரவுட்டர்கள் இந்தப் பேச்சை மறந்து வழியை மூடிவிடும். இன்னொன்று, எந்த முகவரிகள் சுரங்கத்துக்குள் போகலாம் என்ற பட்டியல். அதில் எல்லாமும் என்று போட்டுவிட்டால் கடையின் மொத்த இணையமும் உங்கள் சர்வர் வழியாகச் சுற்றும். ஏலத் திரை தடுமாறி, கடைக்கார அண்ணன் குரல் உயரும்.

யார் யாரை இழுப்பது

சுரங்கம் தயாரானதும் பெரும்பாலானவர்கள் செய்வது, லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, அதைக் கடைக் கம்ப்யூட்டரில் இசட் டிரைவ் என்று காட்டிவிடுவது. தினமும் அதில் காப்பி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது. பார்க்க நன்றாக இருக்கும். நான் எதிர்ப்பது இதைத்தான்.

கடைக் கம்ப்யூட்டரால் நகலில் எழுத முடியும் என்றால், கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த எதனாலும் நகலில் எழுத முடியும். ரான்சம்வேர் முதலில் சி டிரைவைப் பூட்டும், அடுத்து டி, அப்புறம் அதே ஓட்டத்தில் இசட். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் இந்த ஃபைல் பகிர்வு வழியில் இருந்த ஓட்டையால்தான். விபிஎன் இங்கே காப்பாற்றாது. விபிஎன் ஒரு பாதை. நல்ல பாதையில் நோயும் வேகமாக வரும்.

அதனால் திசையைத் திருப்ப வேண்டும். லேப்டாப்தான் கடைக்குப் போய் எடுத்து வர வேண்டும். கடைக்கு லேப்டாப்பின் பாஸ்வேர்டு தெரியாது, லேப்டாப்பில் எந்தக் கதவும் கடைக்குத் திறந்திருக்காது. லேப்டாப்பிடம் இருக்கும் சாவியும் கடையின் அந்த ஒரு ஃபோல்டரைப் படிக்க மட்டுமே உதவும். விண்டோஸ் 10-க்கு 2018-லிருந்தே எஸ்எஸ்எச் சர்வர் கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது, போட்டுக்கொண்டால் போதும். இழுத்து வர ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல். 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதியது. விண்டோஸுக்குத் தனியாக நிறுவ வேண்டும்.

ஆர்சிங்க் செய்யும் வேலை அழகானது. பெரிய ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன அடையாள எண் கணக்கிடும். லேப்டாப்பில் உள்ள பழைய பிரதியின் எண்களோடு ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். மலைக்கு இது ஏன் முக்கியம் என்றால் அப்லோடு வேகம். 40 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 32,000 நொடி, கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். ஒயரைப் பிடுங்கும் ஊரில் ஒன்பது மணி நேரம் யார் தருவார்கள்? அதனால் முதல் பிரதியை நான் இணையத்தில் இழுப்பதே இல்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறி, மேலே நகலெடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அதன் பிறகு தினமும் மாறும் கொஞ்சம்தான் சுரங்கத்தில் வருகிறது.

சாதாரணப் பகிர்வு ஃபோல்டரில் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்கும் இதே இடத்தில் பதில் இருக்கிறது. அது ஒவ்வொரு ஃபைலுக்கும் பலமுறை கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கும். போய் வர ஒரு சுற்றுக்கு 50 மில்லிநொடி, 20,000 சின்ன ஃபைல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம் மட்டுமே 5,000 நொடி, 83 நிமிடம். ஒரு எழுத்துகூட நகர்வதற்கு முன்.

இழுத்து வந்தது அப்படியே பேக்கப் ஆகிவிடாது. விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பியில் ‘மிர்’ என்ற சுவிட்ச் இருக்கிறது, ஆர்சிங்க்கில் ‘டெலீட்’. அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே என்று கண்ணாடி போல வைக்கும். கடையில் ஒருவர் தவறுதலாக ஃபோல்டரைக் காலி செய்தால், கண்ணாடியும் நேர்மையாகக் காலியாகும். இழுத்து முடித்ததும் லேப்டாப்பின் உள்ளேயே ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் அந்தத் தேதிக்கு ஒரு பதிவு எடுத்துவிடுகிறேன். திரும்ப வரும் துண்டுகளை அது ஒருமுறைதான் சேமிக்கும் என்பதால், முப்பது நாள் பதிவு வைத்தாலும் இடம் முப்பது மடங்கு ஆகாது. நேற்றைய நிலை, போன வெள்ளிக்கிழமை நிலை, மார்ச் 31 நிலை எல்லாம் தனித்தனியாகக் கையில் இருக்கும்.

கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் ஃபைலை இழுத்தால் பாதி எழுதிய பக்கம் வந்து சேரும். டாலி வைத்திருப்பவர்கள் அதன் சொந்த பேக்கப்பை முதலில் எடுத்து, அந்த ஃபைலை இழுக்க வேண்டும். அந்த ஃபைல் சுருக்கப்பட்டது என்பதால் ஆர்சிங்க்கின் துண்டு வித்தை அதில் அதிகம் பலிக்காது. ஆனால் அளவு சிறியது, பரவாயில்லை.

இனி நேரம். பேக்கப் என்றால் இரவு இரண்டு மணி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எங்கள் கடைகளில் இரவில் கரண்டே இருக்காது. அதனால் மதியம் ஒன்றே முக்கால். சாப்பிடப் போகும் முன் கணக்குப்பிள்ளை டாலியில் பேக்கப் எடுத்துவிட்டுப் போகிறார், அரை மணி நேரத்தில் என் லேப்டாப் வந்து எடுத்துக்கொள்கிறது. வேகத்துக்கு ஒரு வரம்பும் வைத்திருக்கிறேன், ஏலத் திரை தடுமாறாமல் இருக்க. துலா மழைக்கு முன்னால் வேலை முடிந்துவிடும்.

லேப்டாப்புக்கென்று சில கவனங்கள். மூடியை மூடினால் தூங்கும் அமைப்பை மாற்றிவிட வேண்டும். டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரோ லினக்ஸின் லக்ஸோ போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். ஒரு கடையின் கணக்குத் திருட்டுப் போவது வேறு, பதினோரு கடையின் கணக்கு ஒரே பையில் போவது வேறு. இந்தப் பூட்டின் மீட்புச் சாவி காகிதத்தில் எழுதப்பட்டு போடியில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அங்கே போகிறது, வேலை முடிந்ததும் கழற்றப்பட்ட நிலையில். கடையில் வேலையாள் மாறினால், அந்தக் கம்ப்யூட்டரின் சாவி ஒன்றை மட்டும் சர்வரிலிருந்து நீக்கிப் புதிது போடுவேன். மற்றக் கடைகளுக்கு எதுவும் தெரியாது.

திறந்து பார்க்கிற ஞாயிறு

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கடையின் நகலை எடுத்து, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இறக்கி, டாலியைத் திறந்து பார்ப்பேன். பிறகு கடைக்காரருக்குப் போன். “அண்ணே, போன புதன்கிழமை கடைசி லாட் எத்தனை கிலோ, என்ன விலை?” அவர் தன் கைநோட்டைப் பார்த்துச் சொல்வார். நான் திரையில் பார்ப்பேன்.

ஒரு ஏப்ரல் கடைசியில் அப்படிக் கேட்டபோது அவர் சொன்ன லாட்டே என் திரையில் இல்லை. கடைசிப் பதிவு பத்தொன்பது நாள் பழையது. ஆனால் தினமும் ‘வெற்றி’ என்றுதான் எனக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. விசாரித்தால், புது நிதியாண்டுக்கு டேட்டாவை டி டிரைவில் புதிய ஃபோல்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். என் லேப்டாப் பழைய ஃபோல்டருக்குத் தவறாமல் போய், மாறியது எதுவுமில்லை என்று பார்த்து, வேலை முடிந்தது என்று திரும்பி வந்திருக்கிறது. சுரங்கத்தில் குறையில்லை, ஆர்சிங்க்கில் குறையில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு இடி விழுந்திருந்தால் நான் மறுபடியும் அதே அண்ணனிடம் அதே பதிலைச் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து, நகல் வந்ததா என்பதோடு, வந்ததில் மிகப் புதிய ஃபைலின் தேதி என்ன என்றும் லேப்டாப் பார்க்கிறது. மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் என் போனுக்குக் கடையின் பெயரோடு செய்தி வரும். வந்ததும் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். சில நாள் டாலி பேக்கப் எடுக்க மறந்திருப்பார்கள். சில நாள் ரவுட்டர் ஒயரைத் திரும்பச் செருகியிருக்க மாட்டார்கள். போன ஆவணியில் ஒரே காலையில் ஆறு கடைக்குச் செய்தி வந்தது. பதறிப்போய் முதல் எண்ணைக் கூப்பிட்டேன். “கடை பூட்டிக் கிடக்கு தம்பி, ஓணம்ல” என்றார். மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.